சுவரில் அழிந்த இரண்டு இலக்கம்

எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் தேறி, கணக்கில் மட்டும் கோட்டைவிட்டு, மறுபடி எழுதி, மறுபடியும் கோட்டைவிட்டவள் நான். விட்டது சனியன் என்று மிளகுக்கொடிக்கும் மாட்டுக்கும் வந்துவிட்டேன். அப்படிப்பட்டவளை நாற்பத்து மூன்று வயதில் உட்காரவைத்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தொண்ணூற்றுச் சொச்சம் கோடியை ஏழால் வகுக்க வைத்துவிட்டது என் தலையெழுத்து. தலையெழுத்து என்று சும்மா சொல்கிறேன். எல்லாம் நானே இழுத்து வைத்துக்கொண்டது. யாரையாவது திட்டலாம் என்றால்கூட ஆள் இல்லை. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் ஊர். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டதால் அம்மா வீடு எனக்குக் கூப்பிடு தூரம். அப்பா இல்லை. தம்பி ஒருவன், என்னைவிடப் பதினான்கு வயது இளையவன். அவன் கணக்குப் பைத்தியம். பஸ் டிக்கெட்டைக் கையில் கொடுத்தால் அதில் இருக்கும் எண்ணைக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவான். கல்லூரியிலும் கணக்குதான் எடுத்தான். இரண்டு வருஷம் படித்தவன், அப்பா போனதும் நிறுத்திவிட்டுத் திருச்செங்கோட்டுக்குப் போய் ரிக் வண்டி ஏறிவிட்டான். ரிக் வண்டி என்றால் போர்வெல் போடுகிற லாரி. ஒருமுறை ஏறினால் ஆறு மாதம், எட்டு மாதம் வடக்கே எங்கெங்கோ துளை போட்டுக்கொண்டே போகும். கணக்குப் படித்த பையன் அங்கே இரும்புக் குழாய் தூக்குகிறான். அதை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலையும் அவன்மேல்தான் காட்டுவேன்.

போன ஐப்பசியில் வண்டி ஏறுவதற்கு முன்னால் புது சிம் வாங்கினான். பழைய நம்பர் போய்விட்டது, இதை எழுதிக்கொள்ளுங்கள் என்று எனக்குச் சொன்னான். நான் என் பட்டன் போனில் ஏற்றினேன். இரண்டு வீட்டுக்கும் அந்த ஒரு போன்தான், அதனால் அம்மாவுக்காகச் சுவரிலும் எழுதினேன்.

எங்கள் பக்கத்தில் போன் நம்பர் என்றால் சுவர்தான். அம்மா வீட்டில் கதவு நிலையை ஒட்டி, அடுப்புக்கரியால் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருக்கும். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் ஒவ்வொரு நம்பருக்கும் முன்னால் ஒரு படம். பலா வியாபாரிக்கு ஒரு பெரிய முட்டை. மாட்டு டாக்டருக்கு இரண்டு கொம்பு. தம்பிக்கு ஒரு லாரி. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் கட்டமாக விட்டுவிட்டு அடிப்போம். எல்லார் வீட்டிலும் அப்படித்தான். வருஷா வருஷம் சுவர் வெளுக்கும், கட்டம் மட்டும் கறுத்துக்கொண்டே போகும்.

மார்கழியில் ஒரு சாயங்காலம். அம்மாவும் நானும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். இரண்டு மாதமாக உதிரப்போக்கு நிற்கவில்லை என்ற விஷயத்தை அன்றைக்குத்தான் அம்மா வாயிலிருந்து பிடுங்கியிருந்தேன். இரண்டு மாதம்! கூப்பிடு தூரத்தில் மகள் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறாள், அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. அந்தக் கடுப்பில் இருக்கும்போது தம்பி கூப்பிட்டான். அம்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். தன் உடம்பைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று அம்மா எனக்குக் கையால் சைகை காட்டினாள்.

"அக்கா, ஒரு சங்கதி கேளுங்க. என் புது நம்பர் இருக்குதுல்லீங்க, அதைப் போன் நம்பராப் பாக்காதீங்க. ஒரே எண்ணாப் பாருங்க. தொள்ளாயிரத்துச் சொச்சம் கோடிங்க்கா! அம்மாம் பெரிய எண்ணு. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குணம் இருக்குமுங்க. இதோட குணம் என்னான்னா…"

அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். கூட்டுவது, வகுப்பது, மீதி வராதது என்று என்னென்னவோ. நான் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லவிடாமல் அம்மா கையைக் காட்டுகிறாள், இவன் எண்ணுக்குக் குணம் பார்க்கிறான். மொச்சைத் தட்டைத் தள்ளிவிட்டேன்.

"நீ மண்ணள்ளித் தின்னற பொழப்புல இருக்கற, உனக்கு எண்ணுக்குக் குணம் ஒரு கேடா? உருப்படியா ஏதாச்சும் இருந்தாக் கூப்புடு. இல்லாட்டிக் கூப்புடவே வேண்டாம். வை போனை."

"சரிங்க்கா" என்றான். வைத்துவிட்டான்.

அதற்கப்புறம் அவன் கூப்பிடவில்லை. ஒரு வாரம் போனது, மூன்று வாரம் போனது. நானும் கூப்பிடவில்லை. அக்காள் நாலு வார்த்தை திட்டினால் ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறதோ, இருக்கட்டும், எத்தனை நாளைக்கு என்று பார்க்கிறேன் என்று நானும் முறுக்கிக்கொண்டு இருந்தேன்.

போகிக்கு முதல் நாள் அம்மா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கட்டத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அந்த லாரிப் படம் கண்ணில் பட்டது. பொங்கல் வருகிறது, பெற்றவளுக்கு ஒரு போன் போடத் துப்பில்லை. எனக்குச் சுருக்கென்று ஏறியது. "போய்த் தொலை" என்று சுண்ணாம்பு மட்டையால் அந்த நம்பர்மேல் ஒரே இழுப்பு இழுத்துவிட்டேன்.

அம்மா உள்ளேயிருந்து பார்த்துவிட்டாள். "அடிப் பாவி மவளே! அது எம்பையன் நம்பருடி!"

அவள் போட்ட சத்தத்தில் ஈரத்துணியை எடுத்து அவசரமாகத் துடைத்தேன். அதுதான் நான் செய்த பெரிய கேனத்தனம். சுண்ணாம்பைக் காயவிட்டுச் சுரண்டியிருந்தால் அடியில் கரி அப்படியே இருந்திருக்கும். ஈரத்தோடு துடைத்ததில் சுண்ணாம்போடு கரியும் வந்துவிட்டது. லாரி மிஞ்சியது. முன்னால் நாலு இலக்கம், பின்னால் நாலு இலக்கம் மங்கலாக மிஞ்சின. நடுவில் இரண்டு இலக்கம் சுத்தமாகப் போய்விட்டன. அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "என் போன்ல இருக்குதும்மா, அப்பறமா எழுதி வெக்கறேன்" என்றேன். எழுதவில்லை. வீம்பு.

தை நடுவில் மிளகு பறிக்க ஏணியில் நிற்கும்போது இடுப்பில் சொருகியிருந்த போன் நழுவிப் பாறைமேல் விழுந்தது. ஒன்றாக விழுந்தது, மூன்றாகப் பொறுக்கினேன். அதைத் துணியில் கட்டிக்கொண்டு செம்மேட்டில் போன் ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சிம்மு நல்லா இருக்குதுங்க்கா. வேற போன் வாங்கிப் போட்டுக்கலாம். ஆனா நீங்க நம்பரையெல்லாம் சிம்முல ஏத்தல, போன்ல ஏத்தியிருக்கறீங்க. போன் செத்துப்போச்சுங்க."

"அப்ப நம்பருங்க?"

"நம்பரும் சேந்து செத்துப்போச்சுங்க்கா."

பழைய அழைப்புகளின் பட்டியல் எடுக்க முடியாதா என்று கேட்டேன். அதெல்லாம் இங்கே ஆகாது என்றார். வேறொரு பட்டன் போனை வாங்கிக்கொண்டு வந்தேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. அவனே கூப்பிடுவான், என் நம்பர் மாறவில்லையே என்று இருந்துவிட்டேன்.

பொங்கல் போகட்டும், மிளகு முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்த அம்மாவை அடுத்த புதன்கிழமைதான் இழுத்துப் போய் நாமக்கல்லில் டாக்டரம்மாவிடம் காட்டினேன். கர்ப்பப்பையில் கட்டி. ரத்தம் பாதிகூட இல்லை. "இன்னும் தள்ளிப்போட்டா நான் பொறுப்பில்லைங்க. திங்கக்கிழமை வந்து அட்மிட் ஆயிடணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

"எம்பையங்கிட்ட ஒரு வார்த்தை பேசாம நான் கத்திக்குக் கீழ படுக்க மாட்டேன்."

"பேசலாம்மா, ஆபரேசன் ஆவட்டும்."

"ஆனதுக்கப்பறம் நான் இருந்தாத்தான கண்ணு பேசறது? மொதல்ல பேசோணும்."

கெஞ்சினேன், கத்தினேன், சாப்பிடாமல் கிடந்தேன். அம்மா அசையவில்லை. தம்பியோடு வண்டி ஏறிய உள்ளூர்ப் பையன் பொங்கலுக்கே திரும்பிவிட்டிருந்தான். அவனைப் போய்ப் பிடித்தேன். "அவன் வேற வண்டிக்கு மாறிட்டானுங்க்கா, எந்த வண்டின்னு தெரியலீங்க. புது நம்பரும் எங்கிட்ட இல்லீங்க" என்றான். அக்காள் என்று ஒருத்தி இருந்தேனே, எந்த முதலாளி, எந்த வண்டி என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்திருக்கிறேனா? கிடையாது. திட்டுவதற்கு மட்டும் வாய் இருந்தது.

வியாழக்கிழமை முழுக்க அந்தச் சுவரை முறைத்துக்கொண்டு நின்றேன். வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன், விரலால் தடவிப் பார்த்தேன். இரண்டு இலக்கம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு எடந்தான புள்ள. சைபர் சைபர்ல இருந்து தொண்ணூத்தொம்பது வரைக்கும் நூறு நம்பரு. நூறையும் அடிச்சுப் பாத்துரு. உனக்குத்தான் பேசறதுன்னா அலுக்காதே" என்றார். பார்வையாலேயே அவரை வெளியே அனுப்பினேன். ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நூறு நம்பரையும் எழுதிக்கொள்ளக் காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா படுத்தபடியே கேட்டாள்.

"எதுக்குக் கண்ணு நூறு? ஒம்பதுல போகோணுமே அது."

"என்னது?"

"எல்லாத்தையும் கூட்டி ஒம்பதுல வகுத்தா மிச்சமில்லாமப் போகுமாமா. அன்னிக்குச் சொன்னானே. நீ மொச்சை உரிச்சுட்டு இருந்தயே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவுக்கு ஒன்பதை எழுதத் தெரியாது. ஆறையும் ஒன்பதையும் தலைகீழாகப் பிடித்தாலும் வித்தியாசம் தெரியாது. "இத எப்படிம்மா ஞாபகம் வெச்சிருக்கற?" என்றேன்.

"அவன் பேசறதே மாசத்துக்கு ரெண்டு தடவ. அதையும் கேக்காம வேற என்ன வேல எனக்கு?" என்றாள்.

சுவரில் மிஞ்சியிருந்த எட்டு இலக்கத்தையும் கூட்டினேன். நாற்பத்தொன்று வந்தது. நம்பரை இங்கே முழுசாக எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்கே ஆளாளுக்கு அவனைக் கூப்பிட்டுக் குசலம் விசாரிப்பீர்கள். நாற்பத்தொன்றோடு அழிந்துபோன இரண்டையும் சேர்த்தால் ஒன்பதில் வகுபடும் எண்ணாக வரவேண்டும். ஒன்று நாற்பத்தைந்து, இல்லாவிட்டால் ஐம்பத்து நாலு. அதற்குமேல் போகமுடியாது, இரண்டு இலக்கம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கூட்டினால் பதினெட்டுதான். ஆக, அழிந்த இரண்டையும் கூட்டினால் நாலு வரவேண்டும், அல்லது பதின்மூன்று வரவேண்டும். நாலு வருகிற ஜோடி ஐந்து. பதின்மூன்று வருகிற ஜோடி ஆறு. மொத்தம் பதினொன்று. நூறு பதினொன்றாகக் குறைந்துவிட்டது.

இதைக் கண்டுபிடித்தபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். கோபம்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக்கொடுத்த நாளில் ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டவர் அறுபடாமல் கிடைக்கிற மேட்டுக்கு நடந்து போகும்போதுதான் எனக்கே விளங்கியது. பத்து மிளகில் ஒன்பதை எடுத்தால் ஒன்று மீதி. நூறில் தொண்ணூற்றொன்பதை எடுத்தாலும் ஒன்றுதான் மீதி. ஆயிரமானாலும் கோடியானாலும் அதே ஒன்று. அதனால் எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் போதும், ஒன்பதுக்கு அது என்ன மீதி வைக்கும் என்று தெரிந்துவிடும். இவ்வளவுதானா? இதற்கா பத்தாம் வகுப்பில் அழுதேன்? இதைத்தானே அந்தப் பையன் அன்றைக்கு வாயெல்லாம் பல்லாகச் சொன்னான்?

பஸ் திரும்புகிற மேட்டில் நின்று பதினொரு நம்பருக்கும் அடித்தேன். இரண்டு உபயோகத்தில் இல்லை. ஒன்றில் ஒரு பெண் எடுத்து, என் குரலைக் கேட்டதும், "யாருடி நீ, எங்க ஊட்டுக்காரரை எதுக்குக் கேக்கற?" என்று பிடித்துக்கொண்டாள். நான் யாரையும் கேட்கவே இல்லை. ஒருவர் கல்யாண மண்டபம் வேண்டுமா என்றார். இன்னொருவருக்கு இந்தி தவிர வேறொன்றும் தெரியவில்லை, ஆனாலும் பாவம் ரொம்ப நேரம் பேசினார். எட்டு நம்பர் இப்படிக் கழிந்தன. மீதி மூன்றும் ஸ்விட்ச் ஆஃப். அழிந்த இடத்தில் பதின்மூன்று போட்டது ஒன்று, நாற்பத்தொன்பது போட்டது ஒன்று, எண்பத்தைந்து போட்டது ஒன்று.

மூன்றில் எது அவன்? மாற்றி மாற்றி அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப் என்று சொல்கிற ரெக்கார்டிங் பெண் அதே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளிடம்கூட ஒரு தடவை கத்தினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "மூணுல ஒண்ணும்மா. எப்படியும் நாளைக்குள்ள கெடச்சிருவான். நீ துணிமணி எடுத்து வை."

"மூணுல ஒண்ணுன்னா? யாரோ ஒருத்தன் போனு மூடியிருக்குதுன்னு நான் கெளம்பறதா? அவந்தான்னு உறுதியாத் தெரியட்டும்."

சனிக்கிழமை காலையில் மறுபடி அதே சண்டை. என் பொறுமை போய்விட்டது. "அப்படியே கெட. ரத்தம் போயிப் போயிச் சாவு. அவனும் வந்து பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை அப்போதே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அம்மா கோபிக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு முனகினாள்.

"இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு எழுவது வளைவும் எறங்கோணுமே சாமி." பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, "அவன் நம்பருலயும் எழுவது வளைவு இருக்குதாமா" என்றாள்.

"என்னம்மா ஒளர்ற?"

"ஒளறலை. கடையில அட்ட நெறைய நம்பரு காட்டுனாங்களாமா. இவன் நின்னு நின்னு ஒவ்வொண்ணையும் வகுத்துப் பாத்தானாமா. இந்த ஒண்ணுதான் எழுவதுல மிச்சமில்லாமப் போச்சாமா. நம்ம மலைக்கு எழுவது கொண்டை ஊசி. அதான் இதே இருக்கட்டும்னு வாங்குனானாமா. எங்க சுத்துனாலும் ஊட்டு வழி கையிலயே இருக்கட்டும்னு சொன்னான்."

"இத ஏம்மா நேத்தே சொல்லல?"

"நீ கணக்கத்தான கேட்ட? இது நம்ம ரோட்டைப் பத்தில்ல சொன்னான்."

தலையில் அடித்துக்கொண்டேன். என் தலையில்தான். அட கெரகமே, அது கணக்கு இல்லையாம், ரோடாம். அவளைச் சொல்லி என்ன, அவளுக்கு அது ரோடாகவாவது காதில் விழுந்தது. ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்றுமே விழவில்லை.

எழுபதில் வகுபடவேண்டும் என்றால் கடைசி இலக்கம் சைபராக இருக்கவேண்டும். சுவரில் பார்த்தேன். சைபர்தான். அந்தச் சைபரைத் தள்ளிவிட்டு மீதி ஒன்பது இலக்கத்தை ஏழால் வகுத்தால் போதும். புது போனில் இருந்த கால்குலேட்டர் எட்டு இலக்கத்துக்குமேல் வாங்கமாட்டேன் என்றது. அதுவும் என் ராசிதான். காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக் கையாலேயே வகுக்க ஆரம்பித்தேன்.

மூன்று நம்பரையும் வகுத்தேன். மூன்றிலும் மீதி வந்தது. மூன்றிலுமே! பேனாவை வீசி எறிந்தேன். எங்கள் மாடு திரும்பிப் பார்த்தது. அப்படியானால் அம்மா சொன்னது தப்பு, இல்லாவிட்டால் சுவரில் மிஞ்சியிருப்பதில் ஏதோ ஒன்றை நான் தப்பாகப் படித்திருக்கிறேன், நாளை மறுநாள் திங்கட்கிழமை, எல்லாம் போச்சு. வாசலில் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் தாளை எடுத்துப் பார்த்தார். அவர் ஐந்தாம் வகுப்பு.

"ஏம்புள்ள, ஏழெட்டு எத்தன?"

"அம்பத்தி நாலு."

"உங்க ஊர்லயா, எங்க ஊர்லயா?" என்றார்.

இரண்டும் ஒரே ஊர். ஏழெட்டு ஐம்பத்தாறு. இந்த வாய்ப்பாட்டுக்காகப் பள்ளிக்கூடத்தில் எத்தனை அடி வாங்கியிருக்கிறேன், இன்னும் ஏறவில்லை. பேனாவைத் தேடி எடுத்து மறுபடி போட்டேன். பதின்மூன்று போட்ட நம்பரில் ஒன்று மீதி. எண்பத்தைந்து போட்டதில் ஆறு மீதி. நாற்பத்தொன்பது போட்டதைக் கடைசியாக எடுத்தேன். ஒவ்வொரு இலக்கமாக இறக்கி, ஒவ்வொரு வரியையும் அவரிடம் சத்தமாகச் சொல்லிச் சொல்லி வகுத்துக்கொண்டு வந்தேன். கடைசியாக இறக்கியது ஏழு. ஏழில் ஏழு ஒன்று. மீதி இல்லை.

திரும்ப ஒருமுறை வகுத்தேன். அப்போதும் மீதி இல்லை. தொள்ளாயிரத்துச் சொச்சம் கோடி, எழுபது வளைவிலும் ஒன்றுகூடச் சிந்தாமல் இறங்கிப் போய்விட்டது. கடையில் நின்று, பின்னால் ஆட்கள் காத்திருக்க, ஒவ்வொரு நம்பராக இப்படித்தானே வகுத்திருப்பான் என்று நினைத்தேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறான். மண்ணள்ளித் தின்கிற பிழைப்பு என்றேன் அவனை.

அடுப்புக்கரியை எடுத்து, சுவரில் அந்த வெள்ளை இடத்தில் நாலையும் ஒன்பதையும் எழுதினேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"உறுதியாக் கண்ணு?"

"உறுதிம்மா. எழுவதுலயும் போகுது, ஒம்பதுலயும் போகுது. உம்பையந்தான்."

அவள் அந்த இரண்டு இலக்கத்தையும் தொடாமல், விரலைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

ஆனால் போன் ஸ்விட்ச் ஆஃப்தான். சனிக்கிழமை பொழுது சாயும்வரை அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு மேட்டுக்கே போய், கல்லின்மேல் துண்டை விரித்து அவளை உட்காரவைத்தேன். பஸ் வந்து போனது, அடுத்த பஸ் வந்து போனது. ஸ்விட்ச் ஆஃப். ஸ்விட்ச் ஆஃப். ரிக் வண்டி எந்தக் காட்டில் நிற்கிறதோ, அங்கே கரண்டு இருக்கிறதோ இல்லையோ. அம்மாவுக்கு உட்காரமுடியவில்லை. வலியில் முகம் வெளிறிப்போயிருந்தது. "போலாம்மா" என்றேன். "இன்னொரு தடவ" என்றாள்.

நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால், இன்னொரு தடவை அடித்தபோது, மணி அடித்தது. எனக்கு ஒரு கணம் அது என்ன சத்தம் என்றே புரியவில்லை.

"அக்கா?" என்றான்.

அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். கட்டியைச் சொன்னாள், நாளைக்கு அட்மிட் என்று சொன்னாள், பயமாக இருக்கிறது என்று என்னிடம் ஒருநாளும் சொல்லாததை அவனிடம் சொன்னாள். அவன் என்ன சொன்னானோ, தலையைத் தலையை ஆட்டினாள். அழுதாள். ஒரு தடவை சிரித்தாள். "செரி சாமி, போயிட்டு வாரேன். நீ பதனமா வா" என்று சொல்லிவிட்டு, போனை என் கையில் கொடுத்து, முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். "நான் போயித் துணி எடுத்து வெக்கறேன்" என்று வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

போனைக் காதில் வைத்ததும் மூன்று நாள் எரிச்சலும் மொத்தமாகக் கிளம்பிவிட்டது. எனக்குத் திட்டத்தான் தெரியும்.

"ஏன்டா, ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே! பொங்கலுக்குக்கூடக் கூப்புடலையே! அக்கா வேண்டாம், பெத்தவ இருக்கறாளா இல்லையான்னு பாக்க ஒரு போன் போட்டா உங்கை தேஞ்சா போயிரும்?"

அந்தப் பக்கம் லாரி உறுமுகிற சத்தம் கேட்டது. கோபித்துக்கொண்டுதான் இருந்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவன் குரலில் கோபமே இல்லை.

"உருப்படியா ஏதாச்சும் இருந்தாத்தான் கூப்புடச் சொன்னீங்க" என்றான். "ஒண்ணும் அமையலீங்க்கா."